சம்பளச் சீட்டுக் கணக்கு சொல்லித்தர உதவி வேண்டும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேத்தமேட்டிக்கல் லிட்டரசி (அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடம்) சொல்லித்தருகிறேன். சராசரி, இடைநிலை எல்லாம் நன்றாகவே போடுகிறார்கள். சம்பளப் பிடித்தத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

22,000 ராண்ட் சம்பளத்துக்கு யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பிடித்தம் ஒரு சதவீதம், அப்படியென்றால் 220 தானே என்கிறார்கள். சீட்டில் 177.12 தான் இருக்கும். இந்தப் பிடித்தம் கணக்கிடும் சம்பளத்துக்கு மாதம் 17,712 ராண்ட் உச்சவரம்பு. சரி, அதைச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். வருமான வரிதான் பெரும்பாடு. 26 சதவீத வரி அடுக்குக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் 26 என்றே நினைக்கிறார்கள். வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்பதை எளிதாக எப்படி விளக்கலாம்?

பாடம் எடுக்கும் அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள். பெயர், எண் மறைத்த பழைய சம்பளச் சீட்டு இருந்தாலும் அனுப்புங்கள். ஓவர்டைம் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.