விலை குறைஞ்ச கிற்றாருக்குப் புதுப் பிக்கப்பும் மருதமுனைத் துணியும்: செய்து பாத்தவங்க சொல்லுங்க (பிக்கப் எண்டது கம்பியின்ர அதிர்வை மின்சாரமாக்கி அனுப்புற பாகம். பதில் சொன்னவங்களைக் கீழ ஊர்ப் பேராலதான் போட்டிருக்கு)

கல்லடி
மூண்டு சிங்கிள் கொயில் (ஒரே சுருள் உள்ள பிக்கப்) போட்ட ஸ்ட்ராட் வடிவக் கிற்றாரைத்தான் கனபேர் வச்சிருக்காங்க. புதுப் பிக்கப் வாங்க முதல், பழசுதான் குற்றவாளியா எண்டு பாருங்க. கிற்றாரை அம்பில (சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி) செருகி, வோல்யூமைக் கூட்டி, கம்பியில கை வையுங்க. இரைச்சல் குறைஞ்சா எர்த் வயர் சரி. குறையாட்டி பின்மூடியைக் கழட்டுங்க. ஸ்பிரிங் கொழுவியிருக்கிற இரும்புத் தகட்டில ஒரு வயர் சோல்டர் பண்ணியிருக்க வேணும். மலிவுக் கிற்றாரில கனதரம் அது விட்டுப்போய்க் கிடக்கும். மறுகா வயர் செருகிற ஜாக்கைப் பாருங்க. வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற எங்கட ஊரில அது பச்சை பிடிக்கிறதுக்குக் கனகாலம் தேவையில்ல. மீன் பாடுற சத்தம் கல்லடிப் பாலத்துக்குக் கீழ கேட்டாப் போதும், அம்புக்குள்ள வேணாம்.

களுவாஞ்சிக்குடி
அண்ணன் சொன்னது சரி. அதுக்குப் பிறகும் மாத்தத்தான் வேணும் எண்டா அளவெடுக்காம வாங்காதீங்க. பிரிட்ஜ் (உடம்பில கம்பியைத் தாங்கிற பாகம்) பக்கத்துப் பிக்கப்புக்கு மேல முதலாம் கம்பியில இருந்து ஆறாம் கம்பி வரைக்கும் அளந்து பாருங்க. 52 மில்லிமீற்றர் கிட்ட வந்தா, 50 மில்லிமீற்றர் ஹம்பக்கரில (ரெண்டு சுருள் சேத்து இரைச்சலைக் குறைக்கிற பிக்கப்) ஓரக் கம்பிகள் ஸ்குரூவுக்கு வெளியில நிக்கும். பிக்கார்டுக்கு (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) கீழ மரம் எவ்வளவு தோண்டியிருக்கு எண்டும் பாருங்க. சிங்கிள் கொயிலுக்கு மட்டும் தோண்டியிருந்தா, உளியைத் தூக்காம சிங்கிள் கொயில் அளவிலயே வாற ரெயில் ஹம்பக்கரைப் போடலாம்.

காசு வீணாகிற இடம் கொன்ட்ரோல் (வோல்யூம், ரோன் குமிழுக்குக் கீழ இருக்கிற பாகம்). சிங்கிள் கொயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கருக்கு 250 போட்டா சத்தம் தடிச்சு மங்கும்; பிக்கப் கூடாது எண்டு அதை ஏசுவாங்க. பெரிய அமெரிக்கக் கொன்ட்ரோலுக்கு 9.5 மில்லிமீற்றர் துளை வேணும், சின்னக் கொன்ட்ரோலின்ர துளைக்குள்ள போகாது. பிக்கார்டில ட்ரில் விட்டா வெடிக்கும். உருண்டை அரத்தால கையால பெருப்பிக்கணும். பழைய குமிழும் பொருந்தாது, பல்லுக் கணக்கு வேற. ரோனுக்கு 473 எண்டு எழுதின கப்பாசிற்றர் (0.047 மைக்ரோபரட்) ரேடியோ திருத்துற கடையிலயே கிடைக்கும்.

கல்லடி
சோல்டர் பற்றி: 40 வாற் அயன், 60/40 ரொசின் ஈயம். கொன்ட்ரோலின்ர முதுகை அரத்தாளால சுரண்டாம ஈயம் வச்சா உருண்டு விழும், இல்லாட்டி மங்கலா ஒட்டி ஒரு மாதத்தில விடும். குழாய் ஒட்டுற அசிட் பிளக்ஸ் வேணவே வேணாம். பிக்கப்பில இருக்கிற பொருத்து முனையில மூண்டு செக்கனுக்கு மேல அயன் நிக்கக்கூடாது. உள்ளுக்கு சுத்தியிருக்கிற கம்பி 0.063 மில்லிமீற்றர்தான், தலைமயிர் மாதிரி மெல்லிசு. முனையில சூடு ஏறினா அது அறுந்துபோகும்.

ரெண்டு பிக்கப்பை ஒண்டா போட்டா சத்தம் மெலிஞ்சு, மூக்கால பேசுற மாதிரி வருதா? பேஸ் (phase) மாறியிருக்கு, அதாவது ரெண்டின்ர அலையும் எதிரெதிரா நிக்குது. மாட்ட முதலே பாக்கலாம்: மல்ரிமீற்றரை 20 கிலோ ஓமில வச்சு, பிக்கப்பின்ர ரெண்டு வயரிலயும் கொழுவி, ஸ்குரூட்ரைவரை போல்பீசில (கம்பிக்கு நேர் கீழ தெரியிற உலோக முனை) தொட்டுட்டு வெடுக்கெண்டு இழுங்க. இலக்கம் மேல துள்ளுதா கீழ துள்ளுதா எண்டு எழுதி வையுங்க. எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேணும். மாறினதில ரெண்டு வயரையும் மாத்திப் போடுங்க. உலோக மூடி போட்டதெண்டா மூடியின்ர எர்த்தை முதல்ல பிரிச்செடுக்கணும்.

மருதமுனை
தம்பிமார், வயர் வேலைக்கு முதல்ல அலங்காரத்தை முடிங்க. எல்லாத்தையும் பூட்டினதுக்குப் பிறகு பசையும் வார்னிஷும் கையில எடுத்தா கதை கந்தல். 1968இல பெண்டர் கொம்பனி டெலிகாஸ்டரில பூப்போட்ட சுவர்த்தாளை ஒட்டி வித்திச்சு. நமக்கு ஊர்க் கைத்தறி சாரன் துணி இருக்கே.

துணியை முதல்ல கழுவி கஞ்சியை எடுங்க. ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சு சாயம் வருதா பாருங்க. வந்தா அந்தத் துணி வேணாம். உடம்பின்ர பளபளப்பை 240 அரத்தாளால கெடுத்தாத்தான் பசை பிடிக்கும். மரப்பசை மூண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு. சாரன் கட்டத்தின்ர கோட்டை கழுத்தின்ர நடுக்கோட்டோட நேராக்கிட்டு நடுவில இருந்து வெளிப்பக்கம் தடவுங்க. இழுத்தா கோடு வளையும், பிறகு சரி வராது. கழுத்துப் பொருந்துற பள்ளத்துக்குள்ள துணி போகவே கூடாது. அரை மில்லிமீற்றர் ஏறினாலும் கம்பி உயரம் மாறிடும்.

ஒரு நாள் காயவிட்டு, ஓரத்தைப் பிளேட்டால வெட்டி, ஸ்குரூத் துளைகளை ஊசியால குத்தி வைங்க. கிளியர் லக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) முதல் ரெண்டு தரம் தூறல் மாதிரித்தான். கனமா அடிச்சா சாயம் பரவும். நெசவுக் குழி நிரம்ப எட்டுப் பத்துத் தரம் அடிக்க வேணும்.

அக்கரைப்பற்று
நானா காலத்தை விட்டுட்டீங்க. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மாரி மழையில லக்கர் அடிச்சா ஈரப்பதம் ஏறி பால் மாதிரி வெளுக்கும். கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள் நல்லம், ஆனா பின்னேரம் மணல் பறந்து ஒட்டும். பனி காஞ்ச பிறகு, காத்து எழும்ப முதல் முடிங்க. ரெண்டு பொருள் கலக்கிற ரூ-கே கிளியருக்கு சாதாரணத் துணி முகமூடி காணாது.

இரைச்சலைக் குறைக்கப் பிக்கப் குழிக்குள்ள செப்பு ரேப் ஒட்டுறவங்க, ஒரு துண்டுக்கும் மற்றத் துண்டுக்கும் இடையில மீற்றரில ஒரு ஓமுக்குக் குறைய வருதா பாருங்க. பல ரேப்பின்ர பசை மின்சாரம் கடத்தாது, அப்ப ஒவ்வொரு பொருத்திலயும் ஒரு சொட்டு ஈயம். ரேப்பை எர்த்தோட இணைக்காட்டி ஒட்டினதில பிரயோசனமில்ல.

இன்னொண்டு. கிற்றார்க் கம்பி முழுக்க அம்பின்ர எர்த்தோடதான் தொடுத்திருக்கு. திருவிழாவில ஜெனரேற்றருக்கு எர்த் இல்லாத ரெண்டு முள் அடப்டர் போட்டு அம்பைக் கொழுவினா, மைக்கில உதடு படேக்க ஷொக் அடிக்கலாம். 230 வோல்ற் விளையாட்டில்ல.

களுவாஞ்சிக்குடி
பூட்டின பிறகு உயரம் பாக்க மறக்காதீங்க. கடைசி பிரெட்டில (கழுத்தில பதிச்ச உலோகப் பட்டி) கம்பியை அமத்திப் பிடிச்சு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளியை அளவுங்க: சிங்கிள் கொயிலுக்கு ஆறாம் கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீற்றர், முதலாம் கம்பிப் பக்கம் 2. ஹம்பக்கருக்கு ரெண்டு பக்கமும் 1.6. பிக்கப்பில இருக்கிற அல்னிகோ 5 காந்தம் கம்பிக்குக் கிட்டப் போனா பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேல ஆறாம் கம்பி ரெண்டு சுருதியில அலையும். அதைக் கேட்டு பிரிட்ஜை முறுக்கப் போகாதீங்க, பிக்கப்பை அரைச் சுற்று இறக்குங்க.