பதில்: அரங்கு லைற்றுக்கு நிதி – இப்போதைக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்,

ஊர்ச் சங்கத் தலைவர் அண்ணையின் மடல் பார்த்தேன். எங்கள் ஊர் அரங்கிலுள்ள நான்கு மூவிங் ஹெட் லைற்றில் (தலையைத் தானே திருப்புகிற மேடை லைற்) இரண்டு பழுது, திருத்த ஏலாது, நான்கையும் மாற்றவேணும், நவராத்திரிக்கு முதல் ஆளுக்கு நூறு போடுங்கோ என்று எழுதியிருக்கிறார். நூறு பவுண்ஸா டொலரா என்று பொருளாளர் கேட்பார், அது அவர்கள் பாடு. நான் ரொறன்ரோவில் சனி, ஞாயிறு அரங்கேற்ற மேடைகளுக்கு லைற் போடுகிறவன். இந்தச் சாமானோடுதான் என் சீவியம், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா திருவிழாவுக்குப் போனபோது எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சுவிட்ச் போட்டதும், பழுதென்ற இரண்டில் ஒன்றான வயர் வரிசையின் கடைசி லைற் தலையைச் சுற்றி, மேலும் கீழும் ஆட்டி, தன் இடத்தில் வந்து ஒழுங்காக நிற்கிறது. பெல்ற் அறுந்திருந்தாலோ சென்சர் போயிருந்தாலோ அப்படி வந்து நிற்காது, சின்னத் திரையில் பிழை காட்டும். லைற் இயக்குகிற தம்பி கன்சோலில் (லைற்றுகளுக்குக் கட்டளை அனுப்பும் பலகை) கை வைத்த பிறகுதான் பேய் பிடித்த மாதிரி உதறுகிறது. அப்போ சந்தேகப்பட வேண்டியது கட்டளை போகிற வயரை.

அந்த வயரும் வீடியோவில் ஓரமாகத் தெரிகிறது. மைக் வயர்! முனை ஒரே மாதிரி என்பதால் செருகுப்படும். ஆனால் டிஎம்எக்ஸ் (கன்சோலிலிருந்து லைற்றுக்குப் போகிற கட்டளை) சிக்னலுக்கு 120 ஓம் அளவான வயர் வேணும், இல்லாவிட்டால் நீளம் கூடக்கூட சிக்னல் கடைசி முனையில் முட்டித் திரும்பி வந்து குழப்பும். கடைசி லைற்றின் அவுட் பக்கத்தில் 2ஆம், 3ஆம் பின்னுக்கு இடையில் 120 ஓம் ரெசிஸ்டர் பற்றவைத்த ஒரு பிளக்கைச் செருகினாலே பாதி வருத்தம் மாறக்கூடும். முதலில் கன்சோல் வயரைக் கழற்றிவிட்டு, மெனுவில் ஆட்டோவில் விட்டுப் பாருங்கோ. தன்பாட்டில் ஒழுங்காக ஆடினால் லைற்றின் மோட்டரில் பிழையில்லை. பிறகு அதை முதலாவது லைற்றோடு இடம் மாற்றுங்கோ. உதறல் லைற்றோடு போகிறதா, கடைசி இடத்திலேயே நிற்கிறதா? இடத்தில் நின்றால் வயர்தான்.

மற்றப் பழுது லைற் கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறதாம். விசிறியைத் திறந்து பாருங்கோ, எங்கள் ஊர்ப் புழுதியும் கடல் உப்பும் அடைத்திருக்கும். சூடு ஏறினால் அது தன்னைக் காப்பாற்றத் தானாக அணையும். இன்னொன்று, நிகழ்ச்சி முடிந்த கையோடு மெயினை இழுத்துவிடுகிறார்கள். அது டிஸ்சார்ஜ் பல்ப், வாயுவுக்குள்ளால் கரண்ட் பாய்ந்து எரிகிறது, சரியான சூடு. பல்பை மட்டும் நிறுத்தி, விசிறி ஓடி ஆறிய பிறகுதான் கரண்டை நிறுத்தவேணும்.

லண்டன் அண்ணை "பக்கத்து ஊரில் எட்டு லைற், நாங்கள் நாலோடு நிற்கிறதோ" என்று எழுதியிருந்தார். எட்டு வாங்கி அதே மைக் வயரில் கோர்த்தால் எட்டும் உதறும், அண்ணை. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய காத்தவராயன் கூத்து ஆடின ஊர் இது. மென்ரில் (விளக்குக்குள் எரிகிற வலைத்திரி) கொட்டுண்டால் ஒருவர் நடுக்கூத்திலேயே ஏறி மாற்றுவார், உடுக்கு நிற்காது. அவருடைய பெயர் அரங்குக் கல்வெட்டில் ஏன் இல்லை என்பது தலைவர் அண்ணைக்கு நல்லாய்த் தெரியும். அதை இங்கே எழுத வைக்க வேண்டாம்.

பொருளாளருக்கு: இந்த நான்கும் வாங்கின பற்றுச்சீட்டு எங்கே? உத்தரவாதக் காலம் முடிந்ததா? அப்போது வாங்கிக் கொடுத்த மருமகன்தானே இப்போது புதிதுக்கும் விலை கொடுத்திருக்கிறார்?

சரியான வயருக்கும் ரெசிஸ்டருக்கும் ஆகும் காசை நான் தாறன், சங்கக் கணக்கில் எழுதத் தேவையில்லை. தம்பி ஊர் நேரம் காலை 7 மணிக்கு வட்ஸ்அப்பில் எடுக்கட்டும், இங்கே முதல்நாள் இரவு 9.30, நான் முழித்திருப்பேன். ஏணியில் ஏற முதல் மெயினை நிறுத்தச் சொல்லுங்கோ.