புதுப்பிப்பு: கடையின் விண்டோஸ் 7 கணினி இப்போது எப்படி ஓடுகிறது

பில் போடும் பழைய கணினி ஆன் ஆவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று முன்பு புலம்பியிருந்தேன். பலரும் சொன்னபடி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட்டாயிற்று. பாதித் தொல்லை அதோடு தீர்ந்தது.

மீதிக்கு, ஸ்டார்ட் மெனுவில் 'எம்எஸ்கான்ஃபிக்' (msconfig) தட்டி, கணினி ஆன் ஆகும்போதே தானாக ஓடும் மென்பொருள்களைக் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாத டிக்குகளை எடுத்தேன். பிரிண்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த சில்லறை மென்பொருள்கள்தான் அதிகம். ஆன்டிவைரஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சி டிரைவ் இடமில்லாமல் சிவப்பாக இருந்ததா? விண்டோஸிலேயே இருக்கும், வேண்டாத ஃபைல்களை அழிக்கும் டிஸ்க் கிளீனப்பைத் திறந்து அப்படியே ஓகே கொடுத்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்தினால்தான் பழைய அப்டேட் குப்பை பட்டியலில் வரும். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும்; பயந்துபோய் பவரை நிறுத்திவிடாதீர்கள்.

பிரவுசர் விஷயம்: விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 7-இன் பொதுப் பயனர்களுக்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே நிறுத்திவிட்டதால், வங்கி வேலை எதுவும் இதில் செய்வதில்லை.

அப்புறம், ஃபைல் இருக்கும் முழுப் பாதை வேண்டும் என்று கேட்டவருக்கு: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள், 'காப்பி ஆஸ் பாத்' வரும்.