செபஸ்தியார் உடம்புல இருந்து அம்பை எடுக்குற படம், ஏன் அப்படி வரைஞ்சாங்க?

ஏற்காட்டுப்பையன்:
வணக்கங்க. எங்க எஸ்டேட் லைன் பக்கத்துல கிறிஸ்தவப் புனிதர் செபஸ்தியாருக்கு ஒரு கெபி, அதாவது சின்ன வழிபாட்டு இடம் இருக்கு, ஜனவரி 20 திருவிழா பாத்து வளந்தவன் நான், சொரூபத்துல அம்பு எப்பவும் குத்துனபடியேதான் இருக்கும், அதை யாராவது எடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுனதே இல்ல. போன மாசம் அப்பாவுக்கு சக்கரையில கால்ல புண்ணாகி சேலத்துல ஆஸ்பத்திரியில இருந்தோம். ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தப்ப டெர் ப்ரூகன்னு ஒரு டச்சு ஓவியர் 1625ல வரைஞ்ச படம் கண்ணுல பட்டுச்சு. ஐரீன்னு ஒரு அம்மா அம்பை உருவுறாங்க, மேல ஒரு பணிப்பொண்ணு கைக்கட்டை அவுக்குது. மூடவே மனசு வரல. ஏன் இந்தக் காட்சியை வரைஞ்சாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, கதைப்படி அவர் அம்புல சாகல. பொணத்தை எடுத்துப் புதைக்கலாம்னு வந்த விதவைதான் ஐரீன், மூச்சு இருக்குன்னு தெரிஞ்சு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஓவியர்கள் பெரும்பாலும் கட்டி வெச்ச அழகான வாலிபனாத்தான் வரைஞ்சாங்க, 17ம் நூற்றாண்டுலதான் ஐரீன் அடிக்கடி வர்றாங்க. ஐரோப்பாவுல கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த காலம் அது, நோயை அம்பாவே நெனைச்சாங்க, அதனாலதான் செபஸ்தியாரை வேண்டுனாங்க. நம்மூர்ல அம்மை போட்டா கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வீட்டுல வேப்பிலை விரிச்சுப் படுக்க வைப்போமே, பக்கத்துல ஒருத்தர் ராப்பகலா உக்காந்திருப்பாங்க இல்ல, அந்த ஆளைத்தான் இவங்க படத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க.

டூட்டி அக்கா:
நான் இருபது வருஷமா நர்ஸ். நீ சொன்னப்புறம் படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன் தம்பி. அவர் உடம்பு சாம்பலும் பச்சையுமா இருக்கு பாரு, ரத்தம் போன உடம்பு அப்படித்தான் இருக்கும், முடிச்சுகிட்ட அந்தப் பொண்ணோட கையையும் அவர் கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா உயிர் எங்க இருக்குன்னு தெரியுது. ஐரீன் அழல, மேல வானத்தைப் பாக்கல, காயத்தை மட்டும் பாக்குறாங்க. புண்ணுல ஒட்டிப்போன காஸ் துணியை எடுக்கறப்ப எங்க முகமும் அப்படித்தான் இருக்கும், சலைன் ஊத்தி நல்லா ஊற விட்டு மெதுவாத்தான் எடுக்கணும், வெடுக்குன்னு இழுத்தா ஆறுன தோலும் கூட வந்துடும்.

செவ்வாய்ப்பேட்டை:
அக்கா சொன்னதும் முரில்லோங்கிற ஸ்பெயின் ஓவியர் ஞாபகம் வந்துச்சு. ஸ்பெயின்ல செவில் நகரத்துல 1649 கொள்ளைநோய்ல ஏறக்குறைய பாதி ஜனம் போயிடுச்சு. அங்க ஏழைங்க பொணத்தை எடுத்து அடக்கம் பண்ற காரிதாத் சபைன்னு ஒண்ணு, அப்புறம் ஆஸ்பத்திரியும் நடத்துனாங்க, முரில்லோவும் அதுல மெம்பர். அவங்க கோயிலுக்கு 1672 வாக்குல ஹங்கேரி எலிசபெத்ங்கிற புனிதையை வரைஞ்சார். ராஜ குடும்பத்துப் பொம்பளை, தலையெல்லாம் புண்ணான பையனைப் பாத்திரத்து மேல குனிய வெச்சுக் கழுவுறாங்க, இன்னொரு பையன் தலையைச் சொறியுறான், ஒரு ஆள் கால் கட்டை அவுத்துட்டு உக்காந்திருக்கான். அருவருப்பு எதையும் மறைக்கல. அந்த சபைக்காரங்க தினமும் செய்ய வேண்டிய வேலைதானே அது, கண்ணு முன்னாடியே மாட்டி வெச்சுக்கிட்டாங்க. எனக்கு முரில்லோ மேல இருக்குற மரியாதையே இதாலதான்.

ஏற்காட்டுப்பையன்:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. அந்தக் கால் கட்டை அவுக்குற ஆளைத் தேடிப் பாத்தேன், அப்படியே எங்கப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம், இப்ப நான்தான் டிரெஸ்ஸிங் பண்றேன். இத்தனை நாளா முகத்தைத் திருப்பிக்கிட்டு சட்டுன்னு இழுத்துட்டு இருந்தேன். இன்னைக்கு ஊற விட்டேன். அப்பா பல்லைக் கடிக்கல.