14 இன்புட்டுகளுக்கும் ஒரே ஹேண்ட்லர்: செக்பாக்ஸ் மட்டும் பொய் சொல்கிறது

கேள்வி:
வலைப்பக்கப் பதிவுப் படிவம் ஒன்றில் 14 இன்புட்டுகள் (நிரப்பும் பெட்டிகள்). ஒவ்வொன்றுக்கும் ஜாவாஸ்கிரிப்டில் தனி ஹேண்ட்லர், அதாவது பெட்டியில் ஏதாவது மாறினால் ஓடும் ஃபங்ஷன், எழுதி வைத்திருந்தேன், அப்போது அது ஒழுங்காகத்தான் பட்டது. முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை நீக்க எல்லாவற்றிலும் ட்ரிம் சேர்க்கச் சொன்னார்கள். 14 இடத்திலும் சேர்த்துவிட்டதாகச் சத்தியமே செய்திருப்பேன். சேர்த்தது 13 இடத்தில்தான். அஞ்சல் குறியீட்டுப் பெட்டியை விட்டிருக்கிறேன்.

வெறுத்துப்போய் ஒரே ஃபங்ஷனாக மாற்றினேன். ஈவென்ட்.டார்கெட்.நேம் (மாறிய பெட்டியின் பெயர்) எதுவோ அந்தப் பெயரில், ஈவென்ட்.டார்கெட்.வேல்யூவை (அதன் மதிப்பை) ஆப்ஜெக்டில் போடுகிறது. எழுத்துப் பெட்டிகள் சரி. ஆனால் "விதிமுறைகளை ஏற்கிறேன்" செக்பாக்ஸில் டிக் வைத்தாலும் எடுத்தாலும் "ஆன்" என்றே வருகிறது. வயது 30 உடன் 1 கூட்டினால் 301! ஒரே ஃபங்ஷன் என்று நினைத்ததே தவறா?

பதில் 1:
நினைத்தது சரிதான். செக்பாக்ஸின் வேல்யூ, டிக் இருந்தால் சர்வருக்குப் போக வேண்டிய சொல், அவ்வளவே. நீங்கள் எதுவும் கொடுக்காததால் "ஆன்". டிக் இருக்கிறதா என்று செக்டு பண்பிடம் கேளுங்கள். வேல்யூ எப்போதும் ஸ்டிரிங், அதாவது எண் அல்ல, எழுத்துத் தொடர். கூட்டாமல் ஒட்டிவிடும், அதனால்தான் 301. டைப் நம்பர் என்றால் வேல்யூஆஸ்நம்பரை எடுங்கள். பெட்டி காலியாக இருந்தால் அது நேன் ("எண் அல்ல" என்ற மதிப்பு) தரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, ஃபங்ஷனுக்குள் டைப்பைப் பார்த்து மூன்று வழி. அதற்கு மேல் இஃப் பெருகினால் பிரித்துவிடுவேன்.

பதில் 2:
லிஸனரையும் (நிகழ்வு வந்ததும் ஹேண்ட்லரை அழைக்கும் இணைப்பு) 14 முறை மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபார்மில் ஒன்று போதும். இன்புட் நிகழ்வு உள்ளிருந்து மேலே ஏறி வரும். அப்போது கரண்ட்டார்கெட் என்பது ஃபார்ம், டார்கெட்தான் பெட்டி, குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்டியை விட்டு வெளியேறும்போது சரிபார்க்க வேண்டுமென்றால் ப்ளர் நிகழ்வு அப்படி ஏறி வராது, ஃபோகஸ்அவுட் நிகழ்வு வரும். இது தெரியாமல் ஒரு மாலைப் பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

கேட்டவர்:
நன்றி, இப்போது லிஸனர் ஒன்றே ஒன்று. வயது 31 ஆகிறது. ஆனால் ஆப்ஜெக்டை கன்சோலில் அச்சிட்டால், வெறும் இரட்டை மேற்கோள் குறிக்கு, அதாவது காலிப் பெயருக்கு, எதிரே ஒரு மதிப்பு உட்கார்ந்திருந்தது. ஒரு பெட்டிக்கு ஐடி மட்டும் கொடுத்து நேம் கொடுக்க மறந்திருக்கிறேன். எந்தப் பெட்டி என்று கேட்காதீர்கள். அஞ்சல் குறியீடுதான்.