சென்னை – லண்டன் 8,200 கி.மீ.தானே, பதினொரு மணி நேரம் எதற்கு?

கேள்வி (குன்னூர்):
நவம்பர் முதல் வாரம் அம்மா தனியாக லண்டன் போறாங்க. கோவை – சென்னை – லண்டன். 8,200 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 9 மணி நேரம்தானே வரணும்? டிக்கெட்டில் போக 11, வர 10 என்று இருக்கு. மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையில் பர்லியார் இறங்கும்போதே அம்மாவுக்குக் காது அடைக்கும். விமானத்தில் சமாளிப்பாங்களா?

பதில் 1:
அந்த 8,200 பூமி உருண்டையின் மேல் போகும் குறுக்குவழி. 30 செ.மீ. விட்டமுள்ள பள்ளிக்கூட உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் 19 செ.மீ. சொச்சம் வரும். 1 செ.மீ. சுமார் 424 கி.மீ. நூல் அரேபியா பக்கமே போகாது. ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல், உக்ரைன் வழியாகப் போகும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடியிருக்கு. அதனால் தெற்கே சுற்றணும், தூரம் கூடும்.

அடுத்தது காற்று. மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும். எதிர்க்காற்று 100 கி.மீ. என்றால் 900 வேகம் தரைக்கணக்கில் 800தான். திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி.

பதில் 2:
காதுக்கு வருவோம். புது போயிங் 787 ரக விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம், அதாவது நம்ம குன்னூர்தான். பழைய ரகங்களில் 8,000 அடி வரை போகும், ஊட்டிக்கும் மேலே. கோவையில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் உப்புவது போல அங்கேயும் உப்பும். உயரம் அம்மாவுக்குப் பழகினதுதான், சிக்கல் இறங்கும்போது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இறக்கத்தை விமானம் அரை மணியில் முடித்துவிடும். அந்த நேரம் தூங்க விடாதீங்க, மிட்டாய் சப்பி எச்சில் விழுங்கட்டும். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பார்த்துவிடுங்க.

பதில் 3:
அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பாங்க. நவம்பரில் நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். காலை 5.30க்குக் கிளம்பினால் அங்கே பகல் 11க்கு இறங்கலாம்.

நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு வரும். கோத்தகிரி வழி சுற்ற ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்க. மழை வலுத்தால் முந்தின நாளே கோவைக்கு இறங்கிவிடுவது நல்லது. இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) இருக்கா? தனித்தனி என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் அந்தக் காசு போனதுதான்.

கேள்வி கேட்டவர்:
ஒரே பிஎன்ஆர்தாங்க. பெட்டியைச் சென்னையில் எடுக்கணுமா?

பதில் 3:
போகும்போது வேண்டாம். கோவை கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் எல்எச்ஆர் (லண்டன் ஹீத்ரோ விமான நிலையக் குறியீடு) என்று இருக்கா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்க. திரும்பும்போது சென்னையில் கட்டாயம் எடுத்து, சுங்கம் தாண்டி, கோவை விமானத்துக்கு மறுபடி போடணும். அதற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.