ஊர்ல அப்பா அம்மா மட்டும் இருக்காங்க, ஸ்மார்ட் ஹோம் எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்ரீரங்கத்தான்:

வணக்கம் மக்களே. நான் பெங்களூர்ல ஐடி வேலை, அப்பா அம்மா ஸ்ரீரங்கத்துல சொந்த வீட்ல இருக்காங்க, வீடு கட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பாவுக்கு முட்டி வலி. மோட்டார் சுவிட்ச் கொல்லைப்பக்கம் மாடிப்படிக்கு கீழ இருக்கு, போட்டுட்டு வந்து டிவி முன்னாடி உக்காந்தா அதோட மறந்துடறாரு, டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டு சுவத்துல தண்ணி இறங்கி அவங்க வந்து கதவை தட்டினா தான் ஞாபகம் வருது. அம்மா கேஸ் கீஸர். கேஸ்னா சிலிண்டர் கேஸ் இல்ல, மறதி கேஸ் :) காலைல போட்டது மத்தியானம் வரைக்கும் சிவப்பு லைட்டோட நிக்கும், ஈபி பில் வந்தா ரெண்டு பேருக்கும் சண்டை.

என் பிளான் இது தான்: மோட்டாருக்கும் கீஸருக்கும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக், எல்லா ரூமுக்கும் ஸ்மார்ட் பல்பு, ஹால்ல ஒரு அலெக்ஸா. ஒரு கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டு முழு வீட்டுக்கும் கொட்டேஷன் குடுத்தாங்க, அந்த காசுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிடலாம். ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் (கரண்ட் திரும்பி போற வயர்) வேணுமாம், பழைய வயரிங்ல சுவிட்ச் பாக்ஸ்ல அது இருக்காதுன்னும் சொல்றாங்க. வயரிங் மாத்தாம முடியுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை வயர்மேன்:

தம்பி, மத்தது எப்படி வேணா பண்ணுங்க, மோட்டாருக்கு மட்டும் ஸ்மார்ட் பிளக் வேண்டாங்க. பெட்டி மேல 16 ஆம்பியர்னு போட்டிருக்கறது ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி லோடுக்கு உள்ள கணக்குங்க. 1 ஹெச்பி மோட்டார் ஓடறப்ப 5, 6 ஆம்பியர் தான் எடுக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகற அந்த நொடில அதைவிட பல மடங்கு இழுக்குமுங்க. பிளக்குக்குள்ள இருக்கற ரிலே, அதாவது கரண்டை போட்டு நிறுத்தற சுவிட்ச், ரொம்ப சின்னது, தினமும் அந்த பொறி பட்டு பட்டு ஒரு நாள் காண்டாக்ட் ரெண்டும் ஒட்டிக்கும். அப்புறம் உங்க போன்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். ஒட்டுன பிளக்கை நான் கழட்டி பாத்திருக்கேன், பிளாஸ்டிக் மஞ்சள் ஆகி ஒரு பக்கம் உருகி இருந்துச்சுங்க.

உங்க பிரச்சனை டேங்க் வழியறது தானுங்க? அதுக்கு வைஃபையே தேவை இல்ல. ஆட்டோமேட்டிக் வாட்டர் லெவல் கண்ட்ரோலர்னு எலக்ட்ரிக்கல் கடைல கேளுங்க. டேங்க்ல ஒரு சென்சார், சம்புல ஒரு சென்சார், மேல தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா போடும், நிறைஞ்சா நிறுத்தும், சம்புல தண்ணி இல்லைன்னா போடவே போடாது. நெட் இருந்தாலும் இல்லைன்னாலும் அது வேலையை அது பாக்கும். சென்சார் மட்டும் மிதவை டைப்பா வாங்குங்க, கம்பி டைப்ல உப்புத்தண்ணி படிஞ்சு கொஞ்ச நாள்ல தப்பா காட்ட ஆரம்பிச்சிரும்.

இல்ல, போன்ல பாத்தே ஆகணும்னா நடுவுல ஒரு கான்டாக்டர் (பெரிய லோடை தாங்கற மின்காந்த சுவிட்ச்) போட்டு, அதை இயக்கற காயிலை மட்டும் வைஃபை ரிலேல இயக்கணும். மோட்டார் லோடு கான்டாக்டர் மேல போயிரும், ரிலேக்கு வலி இல்ல.

நியூட்ரல் பத்தி: நம்ம ஊர் போர்டுல லைட் சுவிட்சுக்கு பக்கத்துல ஒரு 5 ஆம்பியர் சாக்கெட் இருக்கும் பாருங்க, சாக்கெட் இருந்தா நியூட்ரல் வந்தே ஆகணும். வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கற போர்டுல தான் இருக்காது, படிக்கட்டு லைட், பாத்ரூம் வெளி லைட் இந்த மாதிரி. போர்டை திறந்து பாக்கறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிருங்க.

ஆலமரம்:

ஸ்மார்ட் பல்பு வாங்காதீங்க ப்ரோ!! எங்க மாமியார் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு தான் படுப்பாங்க, அது அம்பது வருஷ பழக்கம், சுவிட்ச் ஆஃப் ஆனா பல்புக்கு கரண்டே இல்ல, அப்புறம் ஆப்பும் வேலை செய்யாது அலெக்ஸாவும் டிவைஸ் நாட் ரெஸ்பாண்டிங்னு சொல்லிட்டே இருக்கும். இதுக்காக சுவிட்ச் மேல "தொடாதீர்கள்"னு ஸ்டிக்கர் ஒட்டுன வீடெல்லாம் தெரியும் எனக்கு. சொந்த வீட்ல சுவிட்சை தொடாதேன்னு பெரியவங்ககிட்ட யாரு சொல்றது.

அதுக்கு பதிலா சுவிட்சுக்கு பின்னாடி போர்டுக்குள்ள வைக்கற குட்டி ரிலே வாங்குங்க. சுவிட்ச் பழைய மாதிரியே இருக்கும், அம்மா தட்டினாலும் எரியும், நீங்க பெங்களூர்ல இருந்து போட்டாலும் எரியும், சாதா எல்இடி பல்பே போதும். எங்க வீட்ல வாசல் லைட்டும் கொல்லை லைட்டும் மட்டும் தான் இப்படி போட்டோம், சூரியன் மறையற நேரத்துக்கு தானா எரியுது, காலைல தானா அணையுது. அத்தை அதை கவனிக்கவே இல்ல, அது தான் வேணும். போர்டுக்குள்ள இரும்பு பாக்ஸ் இருந்தா வைஃபை சிக்னல் கொஞ்சம் குறையும், அதை மட்டும் பாத்துக்கோங்க.

அலெக்ஸா விஷயம்: ஹால் லைட், கிச்சன் லைட்னு நீளமா பேர் வைக்காம வீட்ல கூப்பிடற பேரையே வைங்க. எங்க வீட்ல "ரேழி", "கொல்லை"ன்னு தான் இருக்கு. ஆன், ஆஃப் இங்கிலீஷ்ல சொல்லணும், அது நம்ம ஊர்ல எல்லா பாட்டிக்கும் தெரியும். அப்பாவுக்கு நிஜமா பயன்படப்போறது மாத்திரை ரிமைண்டர் தான், ஆனா "அலெக்ஸா ஸ்டாப்"னு சொல்லிட்டு மாத்திரை போடாம விட்டுடுவாங்க, அதுக்கு எந்த கம்பெனியும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கல.

ராஸ்பெர்ரி ராவுத்தர்:

கீஸருக்கு ஸ்மார்ட் பிளக் ஓகே, 2000 வாட்னா 9 ஆம்பியருக்குள்ள தான் வரும். ஆனா மீட்டர் உள்ள பிளக்கா வாங்குங்க, எவ்வளவு யூனிட் போச்சுன்னு காட்டும், வீட்டு சண்டைக்கு ஆதாரம் கிடைக்கும். 25 லிட்டர் தண்ணி நல்லா சூடாக அரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதனால போட்டதுல இருந்து 40 நிமிஷத்துல தானா ஆஃப் ஆகற மாதிரி டைமர் வெச்சுடுங்க. சொன்ன மாதிரி காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் கிடந்தா தெர்மோஸ்டாட் இருந்தாலும் ஆறும்போதெல்லாம் திரும்ப திரும்ப சூடு பண்ணும். ரெண்டு மாச பில்லுல 500 யூனிட்டை தாண்டினா கணக்கே மாறி கீழ் ஸ்லாபுக்கும் ரேட் ஏறிடும், 490ல நிக்கற வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

எல்லாரும் மறக்கற ஒண்ணு, ஆப் செட்டிங்ஸ்ல கரண்ட் போய் திரும்ப வந்தா பிளக் என்ன நிலைல இருக்கணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், ஆன், ஆஃப், கடைசி நிலைன்னு மூணு. கீஸருக்கு கண்டிப்பா ஆஃப். இல்லைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்து ஆள் இல்லாத பாத்ரூம்ல கீஸர் ஓடும். ஸ்மார்ட் பல்பு நிறைய மாடல்ல இதே கதை தான், கரண்ட் வந்ததும் நடு ராத்திரில ஃபுல் வெளிச்சம்.

ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க, இன்வெர்ட்டர் இல்லைன்னா 12 வோல்ட் மினி யூபிஎஸ். செட் பண்ணும்போது வைஃபைல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கனெக்ட் பண்ணுங்க, இந்த மாதிரி சாமான் நிறைய 5ஐ பாக்கவே பாக்காது, போன் 5ல இருந்துட்டு "டிவைஸ் கிடைக்கல"ன்னு உசுரை வாங்கும்.

என் கருத்து, முடிஞ்சா கம்பெனி சர்வரை நம்பாம வீட்டுக்குள்ளேயே லோக்கலா ஓடற சாமானா வாங்குங்க. என்கிட்ட இருந்த ஒரு பிராண்ட் சர்வரையே மூடிட்டு போயிட்டாங்க, சாமான் நல்லா தான் இருக்கு, ஆப் லாகின் ஆகாது. இப்ப எல்லாம் ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல, ஹோம் அசிஸ்டன்ட்ங்கற சாஃப்ட்வேர்ல ஓடுது, நெட் போனாலும் ஓடும். ஆனா பெங்களூர்ல இருந்துட்டு ஸ்ரீரங்கத்து பெட்டியை மெயின்டெயின் பண்றது கஷ்டம், அதனால உங்களுக்கு அதை சொல்ல மாட்டேன். 2022ல வந்த மேட்டர் (Matter, பல கம்பெனி சாமானும் ஒண்ணா வேலை செய்யறதுக்கான பொது ஸ்டாண்டர்ட்) லோகோ இருக்கற சாமானா பாருங்க, ஒரே கம்பெனி ஆப்ல மாட்டிக்க வேண்டாம்.

அப்புறம் நீங்க கேக்கல, இருந்தாலும், வீட்டுக்குள்ள கேமரா வைக்கறதா இருந்தா அவங்களை கேட்டுட்டு வைங்க. வாசல்ல ஓகே. ஹால்ல வெச்சா அம்மா நைட்டில உக்காந்து கீரை ஆய முடியாது.

ஸ்ரீரங்கத்தான்:

எல்லாருக்கும் நன்றி. பல்பு கேன்சல், போர்டுக்குள்ள ரிலே, கீஸருக்கு டைமர் பிளக். வயர்மேன் அண்ணே, ஒரு டவுட்டு. எங்க வீட்ல ரெண்டு மோட்டார். கார்ப்பரேஷன் தண்ணி சம்புக்கு வரும், அதை மோனோபிளாக் மோட்டார் மேல டேங்குக்கு ஏத்தும். போருக்கு தனியா சப்மெர்சிபிள் (தண்ணிக்குள்ளயே இருக்கற மோட்டார்), அதுக்கு பச்சை சிவப்பு பட்டன் வெச்ச பேனல். ரெண்டுக்கும் ஒரே கண்ட்ரோலர் போதுமா? இன்னொண்ணு, எங்க தெருவுல குரங்கு ஜாஸ்தி, மாடில எந்த வயர் இருந்தாலும் பிச்சு எறிஞ்சிடும்.

கோவை வயர்மேன்:

மோனோபிளாக்குக்கு மட்டும் கண்ட்ரோலர் போடுங்க, தினமும் ஓடறது அது தான். சப்மெர்சிபிள் பேனலுக்கு பிளக் மாதிரி சாமான் எதுவும் ஆகாதுங்க, கரண்ட் குடுத்தா மட்டும் அது ஓடாது, பச்சை பட்டனை யாராவது அமுக்கணும். கரண்ட் போனா கான்டாக்டர் விழுந்துரும், வந்தா தானா எடுக்காது, அது ஒரு பாதுகாப்பு தான். பேனலுக்குள்ள ஸ்டார்ட் ஸ்டாப் டெர்மினல்ல சேர்க்கற கண்ட்ரோலர் தனியா இருக்கு, ஆனா அப்பா எப்பவாவது தான் போரை போடறாருன்னா அப்படியே விட்டுருங்க. டிரை ரன் பிரிவென்டர் மட்டும் ஒண்ணு வெச்சுக்கங்க, கோடைல போர்ல தண்ணி இறங்கிச்சுன்னா மோட்டார் எடுக்கற ஆம்பியர் குறையும், அதை பாத்து அது கட் பண்ணிரும், மோட்டார் காயில் எரியாம தப்பிச்சிரும்.

கண்ட்ரோலர் பக்கத்துல ஆட்டோ மேனுவல் மாத்தற சுவிட்ச் ஒண்ணு கண்டிப்பா கேளுங்க. சென்சார் மக்கர் பண்ணுன அன்னைக்கு அப்பா பழையபடி கையில போட்டுக்குவாரு.

குரங்குக்கு, சென்சார் வயரை தண்ணி பைப் கூடவே கட்டாம தனியா கனமான பிவிசி கண்ட்யூட்ல விட்டு, சுவத்துல ரெண்டடிக்கு ஒரு கிளாம்ப் அடிக்க சொல்லுங்க. டேங்க் மூடில ஓட்டை போட்டு உள்ள இறக்கற இடத்துல கிளாண்ட் (வயரை இறுக்கி பிடிக்கற மூடி) போட்டு இறுக்கணும், வயர் வெளில ஒரு விரக்கடை கூட தொங்கக்கூடாதுங்க.